புளியங்கொட்டைக் குதிரை



சதுரங்கத்தில் ஒரு குதிரை தொலைந்துபோனால் என்ன செய்வோம்? அந்தக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து ஆடுவோம். குதிரைக்குரிய விதிப்படி நகரும்வரை அதுதான் குதிரை. காதும் பிடரியும் தேவையில்லை. ஒரு குறி எதைக் குறிக்கிறது என்று கேட்காமல், எந்த விதிப்படி நகர்கிறது என்று மட்டும் பார்ப்பதே கணிதத்தில் உருவவாதம்.

ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட், 1899இல் வடிவியலின் அடிப்படைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்று அதில் அவர் விளக்கவில்லை. அவற்றுக்கிடையே உள்ள உறவுகளை மட்டும் விதிகளாக வகுத்தார். புள்ளி, கோடு, தளம் என்பதற்குப் பதில் மேசை, நாற்காலி, பீர் குவளை என்று சொன்னாலும் நிரூபணம் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இது ஒரு வழிமுறை. பொருளைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஆனால், ‘கணிதத்தில் குறிகளைத் தவிர வேறு எதுவுமே இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அது தத்துவக் கோட்பாடு. ஒதுக்கி வைப்பது வேறு, இல்லையென்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, ஹில்பர்ட் கணிதத்தை வெறும் விளையாட்டாக்கினார் என்று பலர் குறை சொல்கிறார்கள். அது நியாயமில்லை. இரண்டு கோடும் மூன்று கோடும் சேர்ந்தால் ஐந்து கோடு என்பது போன்ற எளிய எண்கணிதத்தை அவர் பொருளுள்ள உண்மையாகவே கொண்டார். அந்த உறுதியான தரையில் நின்றுகொண்டு, கணிதம் முழுவதும் முரண்பாடற்றது என்று காட்ட விரும்பினார்.

1930 செப்டம்பர் 8ஆம் தேதி, கோனிக்ஸ்பெர்க் நகர வானொலியில் அவர் பேசினார். அறிய முடியாதது என்று எதுவும் இல்லை, அறிந்தே தீருவோம் என்று முழங்கினார். அதற்கு முதல் நாள்தான், அதே ஊரில் நடந்த ஒரு மாநாட்டில், 24 வயது கணிதவியலாளர் கூர்ட் கோடல் எழுந்து, விதிகளால் எட்ட முடியாத உண்மைகள் எண்கணிதத்திலேயே உண்டு என்று அமைதியாகச் சொல்லியிருந்தார். 1931இல் வெளிவந்த அவரது கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. எண்கணிதத்தை அடக்கிய, முரண்பாடற்ற ஒரு விதித்தொகுப்பு, தன் முரண்பாடின்மையைத் தன்னால் நிரூபிக்க இயலாது.

ஹில்பர்ட் விரும்பிய நிரூபணம் இதனால் கைகூடாமல் போனாலும், அவரது வழிமுறை வீழ்ந்துவிடவில்லை. இன்று நிரூபணங்களைச் சரிபார்க்கும் கணினிகள் குறிகளின் உருவத்தை மட்டுமே பார்க்கின்றன. புளியங்கொட்டை சரியாக நகர்ந்ததா என்று சொல்ல விதி போதும். அந்த விதியை நம்பலாமா என்று கேட்க, பலகையின் மேல் குனிந்து பார்க்கும் ஒரு மனிதர் வேண்டும்.