வாசலைத் தாண்டி வரவேண்டிய மருத்துவம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் பணியில் அமர்ந்தார்கள் என்று கணக்குப் பார்ப்பது இயல்பு. அப்பட்டங்களுக்காக நாற்று நட்டும் கல் உடைத்தும் உழைத்த கைகள் இன்று மூப்பெய்தி நடுங்குகின்றன. அம்முதியோரின் உடல்நலத்தையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

1929ஆம் ஆண்டு கத்தியவாரில் நடந்த ஒரு கொடுமையை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எடுத்துக்காட்டியுள்ளார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாட்களில் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியை வெளியே அழைத்துவரச் செய்தார். வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் அது திரும்பியது. மருத்துவர் நாடி தொட்டுப் பார்க்கவில்லை. அப்பெண் இறந்துபோனார். மருத்துவர் ஊர் தேடி வந்தாலும், வாசலைத் தாண்டி வராவிட்டால் அது மருத்துவமாகாது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

காலம் மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மகளிர் தன்னார்வலர் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மாத்திரை வழங்குவதும், படுத்த படுக்கையானவருக்கு நோய் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லத்திலேயே அளிப்பதும் இத்திட்டத்தின் நோக்கம். 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

முதியோருக்கு இது ஏன் இன்றியமையாதது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதை எட்டியவர்கள். கூலி வேலைக்குச் செல்லும் முதியவர் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. பேருந்துச் செலவும் சேர்கிறது. இரத்த அழுத்தமோ பெரும்பாலும் வலி காட்டாத நோய். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள் பக்கவாதம் தாக்குகிறது. சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியை மழுங்கச் செய்கிறது. வெறுங்காலில் முள் தைத்தாலும் தெரிவதில்லை. புண் புரையோடிக் காலையே எடுக்க நேர்கிறது. தவறாது வீட்டிற்கு வந்து பார்ப்பவர் ஒருவர் இருந்தால் இத்தகைய கேடுகளில் பலவற்றைத் தடுக்கலாம்.

ஆனால், திட்டம் ஊருக்கு வந்துவிட்டால் சேரிக்கும் வந்துவிட்டது என்று பொருள் அல்ல. கடைசித் தெரு விடுபட்டுப் போகலாம். பகலில் வருபவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்பலாம்; பூட்டியவரோ வயலில் இருப்பார். திண்ணையோடு நின்று மாத்திரையை நீட்டிவிட்டுச் செல்பவரும் இருக்கலாம். இவற்றைக் கண்காணிப்பது படித்தவர்களாகிய நம் கடமை.

இளைஞர்களே, நாம் செய்யக்கூடியவை எளியவை. நம் தெருவின் முதியோர் அனைவரின் பெயரையும் ஓர் ஏட்டில் எழுதுவோம். விடுபட்ட பெயரைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் எடுத்துச் செல்வோம். அவர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து முதியோரை வீட்டில் இருக்கச் செய்வோம். மாத்திரை அட்டையில் காலை, இரவு என்று தமிழில் எழுதிக் கொடுப்போம். நாள்தோறும் அவர்கள் பாதத்தைப் பார்க்கச் சொல்வோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம் என்பதை வீட்டாருக்குக் கற்பிப்போம். வந்தவர் தொட்டுப் பார்க்கத் தயங்கினால், பணிவோடும் உறுதியோடும் உரியவரிடம் எழுத்தில் முறையிடுவோம்.

இது இரக்கத்தால் கேட்பதன்று, உரிமையால் கேட்பது. நாம் கற்ற எழுத்து முதலில் நம் தாயின் மாத்திரை அட்டையைப் படிக்கப் பயன்படட்டும். அவ்வேட்டில் முதற்பெயரை இந்த வாரமே எழுதுவோம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.