மைதானம் வரட்டும், நமக்கும் சேர்த்து வரட்டும்

(சமயநல்லூரில் நடைபெற்ற கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேச எடுத்திருக்கும் தலைப்பைக் கேட்டதும் சில அக்காமார் சிரித்தீர்கள். "ஸ்டேடியம் கட்டுறதுக்கும் நம்ம சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அது இன்ஜினியர் வேலை, இல்லேன்னா இளவட்டப் பசங்க வேலை" என்று ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறோம்.

மைதானம் கட்டுவது பொதுப் பணத்தில், பொது நிலத்தில். அந்தப் பணத்தில் நாம் கட்டும் வரியும் இருக்கிறது. அந்த நிலத்தில் நம் ஆடு மாடு மேய்கிறது. அங்கே விளையாட வேண்டியது நம் பிள்ளைகள். ஆனால் வரைபடம் போடும் நேரத்தில் நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. கட்டி முடித்து ரிப்பன் வெட்டும் நாளில்தான் கும்பம் எடுக்கவும் கோலம் போடவும் கூப்பிடுகிறார்கள். இது மாற வேண்டும்.

நம் பக்கத்தில் நடந்தது

வெகுதூரம் போக வேண்டாம். அலங்காநல்லூர் பக்கத்தில் கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. 66.80 ஏக்கர் நிலம். 62 கோடியே 78 லட்சம் ரூபாய் செலவு. சுமார் 5,000 பேர் உட்கார்ந்து பார்க்கலாம். வாடிவாசல், காளைகள் காத்திருக்க இடம், கால்நடை மருந்தகம், வீரர்களுக்கு முதலுதவி, அருங்காட்சியகம், நூலகம் என்று திட்டம் போட்டுக் கட்டினார்கள். அரங்கத்துக்குப் போக ரோடும் போட்டார்கள்.

இதில் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. காளை எங்கே நிற்கும், எந்த வழியாக வரும், அடிபட்டால் எங்கே கொண்டுபோவது என்பதையெல்லாம் முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். ஒரு அரங்கத்தை இப்படித்தான் திட்டமிட வேண்டும்: யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள், எங்கே காத்திருக்கிறார்கள், எப்படி வெளியே போகிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்றைக்கும் அந்தந்த ஊர் வாடிவாசலில்தான் நடக்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் சாமியோடும் மண்ணோடும் சேர்ந்த விழாவை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியானால் கீழக்கரை அரங்கத்தில் ஜல்லிக்கட்டு வருடத்தில் சில நாள்தான். மீதி நாட்களில் அங்கே கபடி நடக்குமா? பள்ளி விளையாட்டு விழா நடக்குமா? நம் உற்பத்திப் பொருள் கண்காட்சி நடக்குமா? "பல்நோக்கு" என்று பெயர் வைத்தால் மட்டும் பல நோக்கம் வந்துவிடாது. 365 நாளுக்கும் யோசித்துக் கட்டினால்தான் அது பல்நோக்கு அரங்கம்.

வெளிநாட்டிலும் இந்தப் பாடம் இருக்கிறது. பிரேசிலில் 2014 உலகக் கோப்பை கால்பந்துக்காக மனாஸ் என்ற ஊரில் 40,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் கட்டினார்கள். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது 4 ஆட்டம். அந்த ஊரில் அவ்வளவு கூட்டம் சேர்க்கும் பெரிய அணி கிடையாது. ஆட்டம் முடிந்தது, பராமரிப்புச் செலவு மட்டும் நின்றது. கடன் வாங்கி மாடு வாங்கும்போது தீவனத்துக்கு என்ன வழி என்று நாம் குழுவில் கேட்கிறோம் இல்லையா? அதே கேள்விதான் இது.

பெண் பிள்ளைகள் எங்கே?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். உங்கள் ஊர் மைதானத்தை சாயங்காலம் 5 மணிக்குப் போய்ப் பாருங்கள். கிரிக்கெட் நடக்கும், வாலிபால் நடக்கும். பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஓடி ஆடிய பிள்ளை, வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள் போய்விடுகிறாள். நாம்தான் நிறுத்துகிறோம். ஏன் நிறுத்துகிறோம்? கழிப்பறை இல்லை, துணி மாற்ற மறைவு இல்லை, வெளிச்சம் இல்லை, பத்து பையன்கள் சுவரில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். குறை பிள்ளையிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்தில் இதைக் கவனித்தார்கள். ஒன்பது பத்து வயசுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோனது தெரிந்தது. பெரிய திறந்த இடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் 1999ல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே பெரிய ஆடுகளத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பேட்மிண்டன், வாலிபாலுக்கு இடம் விட்டார்கள். நடைபாதைகளைச் சேர்த்தார்கள். பெண் பிள்ளைகள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை, யோசித்த விதம்தான் வேறு.

நம் மாவட்டத்துச் சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எல்லோருக்கும் தெரியும். தாய் தகப்பனை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை. ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடினார். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி எடுத்து, 2021ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஊரார் பேசியதைக் கேட்டு அந்தப் பாட்டி வீட்டில் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். கபடிக்கு என்ன பெரிய இடம் வேண்டும்?

இடத்தின் கணக்கைக் கேளுங்கள். பெண்கள் கபடி களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அதாவது இரண்டரை சென்ட்கூட இல்லை. வாலிபால் களம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் 9 சென்ட் போதும். 400 மீட்டர் ஓடுதளம் என்றால் 4 ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆகவே பெரிய ஸ்டேடியம் வரும் வரைக்கும் காத்திருக்க அவசியம் இல்லை. ஒவ்வொரு குக்கிராமத்திலும் பத்து சென்ட் புறம்போக்கு இருந்தால் ஆரம்பிக்கலாம். களத்தின் நீளப் பக்கம் வடக்கு தெற்காக இருக்கட்டும். அப்போதுதான் சாயங்கால வெயில் பிள்ளைகள் கண்ணில் அடிக்காது.

நாம் கேட்க வேண்டியவை

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று 3 கோடி ரூபாய் மதிப்பில் மாநில அரசு திட்டம் அறிவித்து, சில தொகுதிகளில் வேலையும் நடந்தது. எங்கே எந்த அரங்கம் வந்தாலும் கீழ்க்கண்டவற்றை மறக்காமல் கேளுங்கள்.

1. நிலம்: அது கண்மாய் உள்வாயா, வரத்து வாய்க்காலா, மேய்ச்சல் நிலமா என்று முதலில் பார்க்க வேண்டும். மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள் மேல் எழும்பிய கட்டிடங்களை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் தன் வழியை மறக்காது. மழை வந்தால் அரங்கமும் முங்கும், பக்கத்துத் தெருவும் முங்கும்.

2. கழிப்பறை: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் நமக்குப் பற்றாது. நமக்கு நேரம் அதிகம் ஆகும், கைப்பிள்ளையும் கூட வரும். நியூயார்க் நகரத்தில் புதிய அரங்கங்களில் பெண்களுக்கு இரண்டு மடங்கு கழிப்பறை வேண்டும் என்று 2005ல் சட்டமே போட்டார்கள். தண்ணீர், தாழ்ப்பாள், நாப்கின் போடத் தொட்டி, இந்த மூன்றும் இல்லாதது கழிப்பறையே அல்ல.

3. வாசல்: உள்ளே வர எத்தனை வழி, வெளியே போக எத்தனை வழி? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் பிணமாகத் திரும்பினார்கள். அகலமான வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஆம்புலன்ஸ் நிற்கத் தனி வழி, இவை வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

4. போக்குவரத்து: நம் ஊர் திண்டுக்கல் ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டைப் பிள்ளைகள் கடப்பது எவ்வளவு பயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து மைதானம் வரை நடைபாதையும் தெருவிளக்கும் இருக்க வேண்டும். கார் நிறுத்த ஏக்கர் கணக்கில் விடுவார்கள், நடந்து வருகிறவருக்கு நாலு அடி விட மாட்டார்கள்.

5. மாற்றுத்திறனாளிகள்: சாய்தளம், கைப்பிடி, சக்கர நாற்காலிக்கு இடம். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இது சலுகை அல்ல, உரிமை.

6. நேரம்: பெண்களுக்கென்று தினமும் ஒரு நேரம், ஒரு பெண் பயிற்சியாளர். காலையில் நாமும் நடைப்பயிற்சிக்குப் போகலாம். நம்மில் எத்தனை பேருக்கு சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது என்று மருத்துவ முகாமில் பார்த்தோமே.

7. வருமானம்: கேன்டீன், துப்புரவு, வண்டி நிறுத்தம் ஆகிய வேலைகளைக் குழுக்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. எத்தனை நாள் நிகழ்ச்சி நடக்கும் என்று தெரியாமல் கடன் எடுத்துக் கடை போடாதீர்கள்.

எப்போது, எப்படிக் கேட்பது?

கட்டி முடித்த பிறகு கேட்டால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இடம் தேர்வு செய்யும்போதே கேட்க வேண்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குழுவாகப் போங்கள். தீர்மானத்தை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாமல், நோட்டில் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். திட்ட மதிப்பீடும் வரைபடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

2024ல் ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டு உபகரணங்கள் கொடுத்தது. அவை உங்கள் ஊரில் பீரோவில் பூட்டியிருக்கிறதா, பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று விவரம் எழுதி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊரில் விளையாட எங்கே இடம் இருக்கிறது? சாயங்காலம் அங்கே எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள்? வராத பிள்ளை என்ன காரணம் சொல்கிறாள்? மூன்றாவது கேள்வியைப் பிள்ளையிடமே கேளுங்கள், நாமாகப் பதில் எழுத வேண்டாம். எல்லாக் குழுவும் கொண்டுவந்ததைச் சேர்த்து, கூட்டமைப்பின் பெயரில் ஒரே மனுவாக எழுதுவோம்.