ஒரு புறாவுக்கு நினைவுக்கல்



அமெரிக்காவில், விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பி பேராற்றோடு கலக்கும் இடத்தில் வயலூசிங் என்றொரு பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய 500 அடி உயரக் குன்றின்மேல் மக்கள் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். காட்டுப் பாதைகளில் நடக்கிறார்கள். கீழே இறங்கி, தீவுகளுக்கிடையே துடுப்புப் படகில் போகிறார்கள். 1673-ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று, இயேசு சபைக் குரு மார்க்கெட்டும் அவருடைய தோழர்களும் இரண்டு மரப்பட்டைப் படகுகளில் மிசிசிப்பியை வந்தடைந்ததும் இந்தச் சங்கமத்தில்தான்.

அந்தக் குன்றில் நடப்பவர்கள் ஒரு நினைவுக்கல்லின் முன் நின்றுவிடுகிறார்கள். அழிந்துபோன பயணப் புறா என்னும் பறவை இனத்துக்காக 1947-இல் பறவை ஆர்வலர்கள் எழுப்பிய கல் அது.

ஒருகாலத்தில் அந்தப் புறாக்கள் சூரியனையே மறைக்கும் அளவுக்குக் கூட்டமாகப் பறந்தன. 1871-இல் விஸ்கான்சினில் மட்டும் சுமார் 850 சதுர மைல் பரப்பில் கூடு கட்டின. தந்தியில் செய்தி கேட்டு வேட்டைக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். இறைச்சி பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்குப் போயிற்று. 28 ஆண்டுகள்தான், 1899 செப்டம்பரில் அந்த மாநிலத்தின் கடைசிப் பயணப் புறா சுடப்பட்டதாகக் கல் சொல்கிறது. 1914 செப்டம்பர் 1 அன்று, சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில், உலகின் கடைசிப் பயணப் புறாவும் இறந்தது. அதன் பெயர் மார்த்தா.

மனிதரின் பேராசையும் சிந்தனையின்மையுமே இதற்குக் காரணம் என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பேராசை பாவம் என்பது நமக்குத் தெரியும். சிந்தனையின்மை பாவமாகத் தோன்றுவதில்லை. ஓர் இனத்தையே அழிக்க வேண்டும் என்று எந்த வேட்டைக்காரரும் புறப்பட்டிருக்க மாட்டார். "இவ்வளவு இருக்கிறதே, நான் எடுத்தால் குறையவா போகிறது?" என்றுதான் நினைத்திருப்பார்.

நாமும் விடுமுறையில் ஆற்றங்கரைக்குப் போகிறோம். குளித்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் விடும்போதும், சாப்பிட்ட பிளாஸ்டிக் தட்டைக் கரையிலேயே போட்டுவிட்டு வரும்போதும், "நான் ஒருவன் போட்டா ஆறு கெடப்போகிறது?" என்கிறோம். இரண்டும் ஒரே கேள்விதான்.

மார்த்தா இறந்த அதே செப்டம்பர் முதல் நாளை, படைப்பின் பராமரிப்புக்காக மன்றாடும் உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அறிவித்தார். தேதி ஒன்றானது தற்செயலாக இருக்கலாம். ஆனால், கல் நாட்டி அழுவதற்கு முன்பே விழித்துக்கொள்ள அது நம்மை அழைக்கிறது.

அடுத்த முறை ஆற்றங்கரைக்குப் போகும்போது, கொண்டுபோனதை எல்லாம் திரும்ப எடுத்து வருவோம். நமக்குப்பின் வரும் பிள்ளைகளும் தெளிந்த நீரைக் காணும்படி, படைத்தவரிடம் அக்கறையுள்ள இதயத்தைக் கேட்டு மன்றாடுவோம். ஆமென்.