கால்வாய்ச் சேற்றில் கிடப்பது யார் விட்ட விஷம்?

(திருவல்லிக்கேணியில் பேசிய பேச்சின் சாரம்)



திருவல்லிக்கேணி ரயில் நிலையத்தை ஒட்டி ஓடுகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதை வெட்டியது யார்? கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவா? பெயர் மட்டும்தான் அவருடையது. 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்டு வந்த கூலிகள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் ஐந்து மைல் தோண்டிய கால்வாய் இது.

இன்று அதில் இறங்கிச் சேறு வாருகிறவனும் கூலிதான். சென்ற மழைக்கு முன் நாம் கரையோரம் போய்ப் பார்த்தோம். வாரிய சேற்றைக் காண்டிராக்டர் குடிசை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போயிருந்தார். குழந்தைகள் அதன்மேல் ஏறி விளையாடின. மழை வந்தது, பாதிச் சேறு திரும்பவும் கால்வாய்க்கே போயிற்று. பில் மட்டும் முழுசாகப் போயிருக்கும்!

சேறுதானே என்று நினைக்காதீர்கள். மலமும் குப்பையும் மக்கிப் போகும். ஈயம், குரோமியம், காட்மியம் மக்குவதில்லை. 2000 வரை பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். புகையோடு வந்து ரோட்டில் படிந்த ஈயத்தை மழை கால்வாயில் சேர்த்தது. பெட்ரோலில் நிறுத்தியாகிவிட்டது, சேற்றில் விழுந்தது எங்கே போகும்? முலாம் பட்டறை, பாட்டரி உருக்கும் பட்டறை, தோல் தொழிற்சாலை விடும் கழிவும் இப்படித்தான் வண்டலில் படிகிறது. அடியிலுள்ள கறுப்புச் சேற்றில் காற்றுப்படாத வரையில், கந்தகம் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கும். வாரிக் கரையில் போட்டுக் காய விட்டால் பிடி தளரும். தூசியாகவும் மழைநீராகவும் கிளம்பும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும்.

ஆனால் சர்க்கார் யாரைக் குற்றவாளி என்கிறது? கரையோரக் குடிசைக்காரனை! ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று கூவக்கரை ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். கக்கூஸ் கட்டிக் கொடுக்காததால் கழிவு போயிருக்கலாம், மறுக்கவில்லை. எந்தக் குடிசையில் ஐயா குரோமியத் தொட்டி இருக்கிறது?

இது பட்டணத்துச் சமாச்சாரம் என்று விவசாயத் தோழர்கள் இருந்துவிட வேண்டாம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமியத் தொழிற்சாலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை மேடாகக் குவித்துவிட்டுப் போயிற்று. சுற்றுவட்டாரக் கிணற்று நீர் கெட்டது.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மீனவர்களை முடக்கியது. 1956ல் நோய் வெளிப்பட்டது. அந்தக் கடலடிச் சேற்றை வாரி, தடுப்புக் கட்டிப் புதைக்கும் வேலை 1977ல் தொடங்கி 1990ல்தான் முடிந்தது. செலவில் பாதிக்கு மேல் கம்பெனி தலையில் விழுந்தது. ஜனங்கள் விடாமல் கோர்ட்டு ஏறினார்கள், கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். வாருமுன் சேற்றைச் சோதித்து, முடிவைத் தமிழில் கரையிலேயே எழுதி வை. வாரியதை அன்றே மூடிய லாரியில் எடுத்துப் போ. சேற்றில் இறங்கும் தொழிலாளிக்கு பூட்ஸ், கையுறை, ரத்தப் பரிசோதனை கொடு. கழிவு விட்ட முதலாளியிடம் செலவை வசூல் செய்.

மகஜர் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்கும் தோழர்கள் கரையோரக் குடிசைகளிலிருந்து ஆரம்பிப்பார்கள்.