ரெம்பிராண்ட் தீட்டிய முகங்கள்



1630ஆம் ஆண்டில், நெதர்லாந்தின் லைடன் நகரில், 24 வயதை எட்டிய ஓவியர் ஒருவர் கண்ணாடியில் தம் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். சிரித்தார்; சினந்தார்; கண்களை அகல விரித்து வியந்தார். அம்முகங்களைச் சிறு செப்புத் தகடுகளில் கீறி, அமிலத்தால் அரித்து, அச்சிட்டார். நகை, வெகுளி, மருட்கை என்று தொல்காப்பியம் வகுத்த மெய்ப்பாடுகளை, அந்நூலின் பெயரையே கேட்டிராத ரெம்பிராண்ட் தம் முகத்திலேயே பயின்றார் எனலாம்.

அப்பயிற்சியோடு அவர் நின்றுவிடவில்லை. பல் தெரிந்தால் நகை, புருவம் நெரிந்தால் வெகுளி என்பது கூத்தின் வேடத்துக்குப் பொருந்தும், உருவப்படத்துக்குப் போதாது. துயரம் என்ற சொல்லை எழுதிவிட்டால் கவிதையில் துயரம் வந்துவிடுகிறதா? முதிர்ந்த காலத்தில் அவர் தீட்டிய முகங்கள் பெரும்பாலும் சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. உணர்ச்சியைச் சுமக்கும் பொறுப்பை வண்ணமே ஏற்றுக்கொண்டது.

எண்ணெய் வண்ணம் இதற்கு இடங்கொடுத்தது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெல்லவே உலரும். ஈரம் காயுமுன் அதன்மீது மேலும் தீட்டலாம், துடைக்கலாம், கீறலாம். ஏறத்தாழ 1628இல் தீட்டிய தன்னுருவப்படத்தில், தூரிகைக் காம்பின் முனையால் ஈர வண்ணத்தைக் கீறியே தலைமுடிச் சுருள்களைக் காட்டினார். அப்படத்தில் கண்கள் நிழலில் மறைந்துள்ளன. காண்பவரே அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும். பிற்காலத்தில் நிழலை மெல்லிய பூச்சாகவும், ஒளியை ஈயவெள்ளை கலந்த தடித்த குழம்பாகவும் வைத்தார். நெற்றியிலும் மூக்கிலும் மேடாக எழுந்த அக்குழம்பில், படம் மாட்டிய அறையின் வெளிச்சமும் பட்டு மின்னுகிறது.

1654இல் தீட்டிய யான் சிக்ஸ் படம் இம்முறைக்குச் சிறந்த சான்று. சிக்ஸ் ஆம்ஸ்டர்டாமின் செல்வர், கவிஞருங்கூட. அவர் எழுதிய மெடியா நாடகத்துக்கு 1648இல் செப்புத்தகட்டுப் படம் செய்து தந்தவரும் ரெம்பிராண்டே. உருவப்படத்தில் சிக்ஸ் கையுறையை இழுத்தபடி நிற்கிறார். முகம் நிதானமாகத் தீட்டப்பட்டுள்ளது. கையுறையோ சில வீச்சுகளில் முடிந்துவிடுகிறது. செம்மேலாடையின் பொன்சரிகைப் பட்டைகள் ஒவ்வோர் இழுப்பில் விழுந்திருக்கின்றன. புறப்படும் வேளையில் ஏதோ நினைவு வந்து நின்ற மனிதர் அவர். கையை விரல் விரலாக முடித்திருந்தால் அந்தக் கணம் உறைந்துபோயிருக்கும்.

இவ்வாறு விட்டுவைக்கும் உரிமைக்காக ஓவியர் வாதாடவும் வேண்டியிருந்தது. அதே 1654ஆம் ஆண்டு பிப்ரவரியில், தியேகோ த'அந்த்ராதா என்னும் போர்த்துக்கீசிய வணிகர், தாம் 75 கில்டர் முன்பணம் கொடுத்த ஓர் இளம்பெண்ணின் படம் அவளைப்போல் இல்லை என்று பத்திர எழுத்தர் வழியே முறையிட்டார். திருத்தித் தருக, அன்றேல் பணத்தைத் திருப்புக என்பது அவர் கோரிக்கை. மீதித் தொகை வராமல் தூரிகையைத் தொடுவதில்லை என்றார் ரெம்பிராண்ட். படம் முடிந்தபின் ஒப்புமை உண்டா இல்லையா என்பதை ஓவியர் சங்கத்துப் பொறுப்பாளர்கள் தீர்மானிக்கட்டும். இல்லையென்று அவர்கள் சொன்னால் மாற்றித் தருவதாகவும் ஒப்பினார்.

இம்மறுமொழியில் செருக்கு மட்டும் இல்லை. தம்மைத் திருத்தும் அதிகாரத்தை அவர் எவருக்கும் மறுக்கவில்லை; தொழில் அறிந்தவர்களிடம் அதை ஒப்படைத்தார். இலக்கிய வட்டங்கள் நிலைபெறுவதும் இந்த நம்பிக்கையின்மீதுதான். விலை கொடுப்பவர் கேட்கும் ஒப்புமை வேறு. உடன் உழைப்பவர் கேட்கும் உண்மை வேறு.

இரண்டே ஆண்டுகளில், 1656இல், அவர் நொடித்துப் போனார். 1639இல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீட்டின் கடனும், கலைப்பொருள்களை வாங்கிக் குவித்த பழக்கமும் அதற்குக் காரணங்கள். அதிகாரிகள் எடுத்த பட்டியலில் அவருடைய உடைமைகள் 363 இனங்களாகப் பதிவாயின. 1663இல் வாழ்க்கைத் துணை ஹென்ட்ரிக்யேவும், 1668இல் மகன் தீத்துஸும் மறைந்தனர்.

மறு ஆண்டு, தம் 63ஆம் வயதில், ரெம்பிராண்ட் மீண்டும் தம் முகத்தைத் தீட்டினார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள அப்படத்தில் கன்னம் தளர்ந்திருக்கிறது, பார்வை தளரவில்லை. எட்டு மெய்ப்பாடுகளில் இன்னது என்று ஒன்றைச் சுட்ட முடியாத முகம் அது. எக்ஸ் கதிர் ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. முதலில் அவர் தம் கையில் ஒரு தூரிகையைத் தீட்டியிருந்தார். பிறகு அதை அழித்துவிட்டு, கோத்த கைகளாக மாற்றினார். தாம் ஓவியர் என்று சொல்லும் அடையாளம் அங்கே தேவைப்படவில்லை. எழுதிய வரிகளில் எதை எடுத்துவிடுவது என்று தயங்கும் கவிஞர்கள் அந்தக் கைகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்ட் காலமானார்.