மனத்தையும் விசாரிப்போம்
(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெட்டுக்கத்தி பிடித்த கையானாலும் பேனா பிடித்த கையானாலும், உடம்பு நொந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். மனம் நொந்தால் மட்டும் மறைக்கிறோம். 1928இல் இங்கே திறந்த மனநோய் மருத்துவமனை பின்னர் வுட்பிரிட்ஜ் எனப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லவே கூசினோம். இன்று அது புவாங்கோக்கில் மனநலக் கழகமாக நிற்கிறது.

1960களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் வகுத்த முறை எளியது. ஊரிலிருந்து சேதி இல்லை. ‘என்னை மறந்துவிட்டார்கள்’ என்கிறது மனம். நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை, தூக்கம் போகிறது, யாரிடமும் பேசாமல் முடங்குகிறோம். அந்த எண்ணத்தைத் தாளில் எழுதுங்கள். சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று கேளுங்கள். பிறகு நீங்களே ஊருக்குப் பேசிப் பாருங்கள். விசாரணையின்றி ஒரு தொழிலாளியைத் தண்டிக்கச் சங்கம் விடுமா? நம்மை நாமே தண்டிக்கலாமா?

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இவ்வழிச் சிகிச்சையே தருக என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி கூறியது. தீராத முதுகுவலியைத் தாங்கவும் இது துணை செய்கிறது.

ஒன்றை மறவாதீர்கள். கூலி பாக்கியை எண்ணத்தால் அடைக்க முடியாது; அதற்குச் சங்கம் வேண்டும். நெஞ்சுவலிக்கு முதலில் டாக்டர். மனச்சுமைக்கு, சிங்கப்பூரில் 2025இல் தொடங்கிய 1771 என்ற தொலைபேசி எண் உண்டு.

கேட்பது வெட்கமன்று, தோழர்களே!