'பால் காணாது' என்று சொல்லாதிருப்போம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் தாய்ப்பாலைப் பற்றியா பேசுவது என்று சிலர் யோசிக்கலாம். அதன் பெருமையை இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பாலூட்டுவது தாய் ஒருத்தியின் வேலை மட்டுமல்ல, அவளைச் சுற்றி இருக்கும் நம் எல்லோருடைய பொறுப்பும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த விடயத்தில் இலங்கை தலைநிமிர்ந்து நிற்கும் நாடு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

அப்படியானால் குறை எங்கே? கிளினிக்கில் தாய்மாரைச் சந்திக்கும் எங்களுக்கு அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "பால் காணாது." பெரும்பாலும் அதைத் தாய் முதலில் சொல்வதில்லை. பிள்ளை பார்க்க வந்தவர் சொல்கிறார், மாமி சொல்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் பால்மா டின் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு பாலே போதும். மஞ்சள் நிறமான கடும்புப்பால் அந்த அளவில்தான் சுரக்கும். பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்குப் பால் ஊறும். ஒரு போத்தல் பால்மா கொடுத்தால் ஒரு நேரம் உறிஞ்சுவது குறையும், அதனால் ஊறுவதும் குறையும். இல்லாத குறை இப்படித்தான் உண்டாகிறது. நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்பது புதுப்பிள்ளைக்கு இயல்பு. முதல் வாரத்தின் பின் நாளுக்கு ஆறு தடவையாவது சலம் கழித்து, எடையும் கூடினால் பால் போதும் என்று அர்த்தம். எடை கூடாவிட்டால் டின்னைத் தேடுமுன் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்ட வேண்டும்.

அடுத்தது வெளியிடம். கலியாண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் பஸ் நிலையத்திலும் பிள்ளை அழுதால் தாய் எங்கே போவாள்? பல இடங்களில் மலசலகூடத்துக்குப் பக்கத்து மூலைதான் அவளுக்கு. நாம் யாரும் அங்கே இருந்து சோறு சாப்பிட மாட்டோம். கூச்சமும் பதற்றமும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும். வீட்டுக்குப் போய்க் கொடுக்கலாம் என்று பொறுத்தால் மார்பு கட்டி வலிக்கும், சுரப்பும் குறையும். இங்கிலாந்தில் இருக்கும் நம் சகோதரிகளுக்குத் தெரியும்: பாலூட்டுகிறாள் என்பதற்காக ஒரு தாயைக் கடையிலிருந்து எழுப்பிவிடுவதை அங்கே 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. நம் ஊரில் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கதிரையும், முறைத்துப் பார்க்காத கண்களும் போதும்.

மூன்றாவது வேலைத்தலம். நமது மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தாய்மாருக்கு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. குழந்தைகளை வைத்துக்கொள்ள வேலைத்தலத்தில் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். ஆனால் கேட்டால் மேலாளர் என்ன நினைப்பாரோ என்று கேளாமலே இருந்துவிடுகிறார்கள் பலர்.

அந்த மேலாளர் இன்று நம்மில் ஒருவராக இருக்கலாம். இந்தப் பாடசாலை நம்மை அதிபர்களாகவும் வங்கி முகாமையாளர்களாகவும் கணக்காளர்களாகவும் ஆக்கியிருக்கிறது. நம்மில் பலர் மாமியாராகவும் அம்மம்மாவாகவும் ஆகிவிட்டோம். கதவைத் திறக்கும் இடத்தில் இப்போது நாமே இருக்கிறோம். இளம் தாய் ஒருத்தி வேலைக்குத் திரும்பும்போது இடைவேளையை அவள் கேட்குமுன் நாமே சொல்லலாம். பால் எடுத்து வைக்க ஒரு கதவடைத்த அறையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டும் ஒதுக்கலாம். பிள்ளை பார்க்கப் போகும்போது பால்மா டின்னுக்குப் பதிலாகத் தாய்க்குச் சமைத்த சாப்பாடு கொண்டு போகலாம்.

மருத்துவக் காரணங்களால் பாலூட்ட முடியாத தாய்மாரும் உண்டு. அவர்களிடம் ஏன் என்று துருவிக் கேளாதிருப்பதும் ஆதரவுதான்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் யோசிக்கிறது. கைக்குழந்தையுடைய ஆசிரியைகள் இங்கே கற்பிக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் கைக்குழந்தையோடு தாய்மார் வருகிறார்கள். அவர்களுக்காக ஒரு சிறிய, காற்றோட்டமான அறையை நாம் அமைத்துக் கொடுப்போம். அதைக் கடந்து போகும் மாணவிகள், பாலூட்டுவது ஒளிக்க வேண்டிய காரியம் அல்ல என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமலே படித்துக்கொள்வார்கள்.